பார்படாஸில் வீட்டுச் சாப்பாடு

ஜூலை 12, ஞாயிறு. கிளென் ஈடன்.

படுத்த பிறகும் மனசு ஆறவில்லை. என்னோடு வேலை செய்யும் பிரியா சாயங்காலம் வந்திருந்தாள். பார்படாஸ் போக அவளுக்கும் ஆசையாம். உடனே இவர் டிவியில் எங்கள் படங்களைப் போட்டார். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் போனோம், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. கடலோரத்தில் சின்ன விடுதி. மீன் சமைக்கிற இடத்தில் மாமியார் கை நனைக்க மாட்டார். அதனால் அடுப்பு வைத்த அறையாகப் பார்த்துப் பிடித்தார் இவர். ரைஸ் குக்கரும் சாம்பார் பொடியும் என் பெட்டியில் வந்தன.

படங்களில் இவர் அலையில் நிற்கிறார். மாமியார் குடையடியில் இளநீர் குடிக்கிறார்.

"நீங்க போகலையா அக்கா?" என்றாள் பிரியா.

"அவதான் எல்லா ஃபோட்டோவும் எடுத்தா" என்றார் இவர்.

பொய். எடுத்தது விடுதிக்காரம்மா. நான் உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்த அம்மாள்தான் என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கூட்டிப்போனாள். கால் நனைவதற்குள் இவர் குரல்: "அம்மாவுக்குப் பசிக்குதாம்!" திரும்பிவிட்டேன்.

விடுதியின் இணையப் பக்கத்தில் விருந்தினர் நினைவுகள் என்று ஒரு பகுதி. அதில் தான் எழுதியதைப் பிரியாவுக்குப் பெருமையாகப் படித்துக்காட்டினார்: "சாப்பாடு பிரமாதம். அப்படியே வீட்டுச் சாப்பாடு. விடுதிக்கு நன்றி."

இவர் குறட்டை விடுகிறார். நானும் அங்கே ஏதாவது எழுதலாமென்று போனை எடுத்தேன். என்ன எழுத? எனக்கு அந்தக் கடல் கணுக்கால் வரைக்கும்தான் தெரியும்.