வெர்னா வாசலில் என் பூட்ஸ்

சாஃபர்ட், அரிசோனா
3 பிப்ரவரி 1997

அன்பு மகள் கொரினுக்கு,

அப்பா நலம். என் எழுத்துப் பிழைகளும் நலம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைகழுவிக்கொண்டோம், உனக்குத் தெரிந்ததுதானே.

நாங்கள் குளிர்காலமெல்லாம் குடியிருந்த வீட்டுவண்டியைத் தனியாகப் பின்னுக்கு எடுக்கக் கற்றுக்கொண்டேன். பின்னால் நின்று கை காட்ட உன் அம்மா இல்லாததால் ஒரு கள்ளிச்செடி உயிரை விட்டது. காலையும் மாலையும் வெந்நீர் ஊற்றில் கழுத்துவரை கிடக்கிறேன். இன்னும் கொஞ்சம் ஊறினால் தோலுரித்து உருளைக்கிழங்கோடு பரிமாறலாம்.

பக்கத்து வண்டியில் வெர்னா என்றொரு விதவை, தனியாக ஊர் சுற்றுகிறாள். இங்கே தனியாக வரும் பெண்கள் வண்டிப் படியில் ஓர் ஆம்பளை பூட்ஸை வைப்பார்கள். உள்ளே ஆள் இருக்கிறான் என்று வம்புக்காரர்கள் நினைக்கட்டும் என்றுதான். நம் சமையலறைக்கு அடித்த பச்சைப் பெயின்ட் தெறித்த என் பழைய ஜோடியைக் கொடுத்தேன். மறுநாளே வந்து நின்றாள்.

"பூட்ஸ் மட்டும் பத்தாதுங்க, பேரும் வேணும். யாராச்சும் கதவத் தட்டினா புருஷனக் கூப்பிடற மாதிரி கூப்பிடணுமே."

"எடுத்துக்கங்க. வீட்டுலயே அந்தப் பேருக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்ல" என்றேன்.

மார்ச் ஒன்பது எங்கள் கல்யாண நாள். சொன்னபடி அம்மாவின் சாம்பலை எடுத்து வந்துவிடு. ஊற்றுக்கு மேலே உள்ள குன்றில் நாம் இருவரும் சேர்ந்து தூவுவோம். பத்துக் குளிர்காலம் அவள் தண்ணீரில் உட்கார்ந்து பார்த்த குன்று. இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் இங்கே காத்துக் கிடக்கிறேன்.

உன் அப்பா,
டெல்பர்ட்


லார்ட்ஸ்பர்க், நியூ மெக்சிகோ
6 பிப்ரவரி

அப்பா,

ஒரு வாரம் லீவு கிடைத்தது. சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். அம்மா முன்சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு.

உங்கள் கதவைத் தட்டினேன். ஆள் இல்லை. பக்கத்து வண்டியில் கேட்கலாம் என்று போனால் படியில் உங்கள் பூட்ஸ். அதில் தெறித்திருந்த பச்சை, அம்மா தேர்ந்தெடுத்த நிறம். தட்டினேன். "டெல்பர்ட், யாரோ வந்திருக்காங்க, போய்ப் பாருங்களேன்!" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்.

அம்மா போய் ஐந்து மாதம்தானே ஆகிறது, அப்பா.

திரும்பும் வழியில் எங்கோ காரை ஓரங்கட்டி அம்மாவைக் காற்றில் விட்டுவிட்டேன். உங்கள் கையில் கொடுக்க மனம் வரவில்லை. எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கொரின்


சாஃபர்ட்
10 பிப்ரவரி

கொரின் கண்ணு,

தபால் நிலைய வாசலிலேயே நின்று படித்தேன். மூன்றாம் தேதி நான் எழுதியது உன் வீட்டுத் தபால்பெட்டியில் கிடக்கும். நீ கிளம்பிய பிறகுதான் வந்திருக்கும். அதைப் படி. மறுபடி இங்கே எழுதினால் சாக்குச் சொல்வது போலிருக்கும். நீ தட்டியபோது நான் ஊற்றில் கிடந்தேன்.

வெர்னா தலையில் அடித்துக்கொள்கிறாள். "ஒரு எட்டு எந்திரிச்சுக் கதவத் திறந்திருக்கக் கூடாதா நான்!" அவளைத் திட்டி என்ன செய்ய? பேரை இரவல் கொடுத்த மடையன் நான்.

ஒன்றே ஒன்று சொல். எந்த இடம்? மைல்கல்லின் எண் போதும். பாலமோ மரமோ ஏதாவது போதும்.

அப்பா


கியர்னி, நெப்ராஸ்கா
17 பிப்ரவரி

அப்பா,

பெட்டியில் இருந்தது. பேர் இரவல் கேட்ட இடத்தில் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அதன்பிறகு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இடம் தெரியவில்லை, அப்பா. அழுதுகொண்டே ஓட்டினேன். வழியில் வரும் டங்கன் ஊருக்கு முன்பா, தாண்டியா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு கம்பிவேலி இருந்தது. அந்தச் சாலை முழுக்கக் கம்பிவேலிதான்.

ஒன்பதாம் தேதிக்கு வருகிறேன். சேர்ந்து தேடுவோம். வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

கொரின்


டங்கன், அரிசோனா
9 மார்ச்

அன்பு கொரினுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. போட்டிருந்தால் நீ வந்திருப்பாய்.

உன்மேல் கோபம் இல்லை. ஆனால் உன்னைப் பார்த்ததும் "எந்த இடம்?" என்று என் வாய் கேட்டுவிடும். நீ பதில் தெரியாமல் நிற்பாய். அதைப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. எப்போது வருமோ தெரியாது. வந்தால் நானே எழுதுகிறேன். அதுவரை வராதே, கண்ணு.

சாஃபர்ட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன். லார்ட்ஸ்பர்க் வரை எழுபது மைலுக்கு மேல். கார் ஓரங்கட்ட இடமுள்ள எல்லா இடத்திலும் நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, "என்ன பெரியவரே, இஞ்சின் போச்சா?" என்றார்.

"இல்லப்பா. வீட்டுக்காரி இங்கதான் எங்கயோ இறங்கிட்டா."

அவர் சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன்.

முப்பத்தெட்டு வருஷம் எந்தச் சாலையில் போனாலும் உன் அம்மா, "கொஞ்சம் நிறுத்துங்களேன், காலை நீட்டிக்கறேன்" என்பாள். "அடுத்த ஊர்ல" என்பேன். அடுத்த ஊரிலும் நிறுத்தமாட்டேன். நேரம் மிச்சம் பிடிக்கிறேனாம்.

இன்று பத்தொன்பது இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா