கரும்பலகையில் ஒரு தப்பு

கணக்குப் பேரரசியான என் அக்கா மகளுக்கு,

இன்று வகுப்பில் ஏழை எட்டால் பெருக்கி ஐம்பத்துநான்கு என்று எழுதிவிட்டதற்காக டீச்சர் வேலையையே விடப்போகிறாயாமே! பூமி பிளந்ததா, சூரியன் கழன்று விழுந்ததா?

நீ அழுதுகொண்டே வெளியேறிய பிறகு நடந்ததை, உன் சாப்பாட்டுப் பையோடு வகுப்பு வாசலில் நின்ற நான் பார்த்தேன். கணக்கு என்றாலே மேசைக்கடியில் ஒளியும் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து வந்து, நான்கை அழித்து ஆறு போட்டாள்.

"டீச்சருக்கே தப்பு வருது பாருங்கடா! அப்ப நமக்கு வந்தா என்ன?" என்றாள். அடுத்த கணக்கைப் போட, சாக்பீஸுக்கு உலகப்போரே மூண்டது.

என்னைப் பார்த்ததும், "நாளைக்கு டீச்சர் வருவாங்கல்ல?" என்று கேட்டாள். வருவாள் என்று சத்தியம் செய்துவிட்டேன். என் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையாக அதுவாவது இருக்கட்டும், கண்ணு.

உன் புளுகுமூட்டை மாமா