பெயர் எழுதாத படிவம்

ஆனி 10, திங்கள்

கச்சான் காற்று நிற்கவில்லை. சோற்றிலும் மண். கணக்கு பாதிதான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் வயிற்றில் ஒப்பரேசன்.

பின்னேரம் அப்பா காசு சேமிக்கும் நாணய சங்கத்தின் காரியதரிசி வந்தார். பழைய கடதாசிகளைக் கறையான் தின்றுவிட்டதாம். அங்கத்தவர் இறந்தால் சேமிப்பு யாருக்கு, அந்தப் பின்னுரித்தாளி பெயரை எல்லோரும் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டும்.

"வெள்ளிக்கு முந்தித் தந்திடுங்க. இல்லாட்டி மறுகா உங்கட ஆக்கள்தான் அலையவேணும்." அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் மட்டும். இந்த ஒழுங்கை வீடுகளிலும் அப்படித்தான். போன வருடம் பக்கத்து வீட்டுச் சூசையப்புவின் படிவத்தையும் நான்தான் எழுதினேன். மூன்று கிழமையில் அவருக்குச் சவப்பெட்டி வந்தது. இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

படிவம் இப்போது என் பூமிசாத்திரக் கொப்பிக்குள். பேனையில் மை இல்லை என்று சொன்னேன். பொய்.

ஆனி 11, செவ்வாய்

முன்வீட்டு அக்கா தன் படிவத்தோடு வந்தார். தலையிடி என்று படுத்துவிட்டேன்.

கிடுகு மறைப்புக்கு அப்பால் அப்பாவும் அம்மாவும். மெதுவாகத்தான் பேசினார்கள்.

"என்ட அக்காட பேரைப் போடுவம் எண்டு நினைக்கன்," என்றார் அப்பா.

"ஏன், நான் ஆரு?"

"உனக்குச் சீதன வீடு இரிக்கி. அவவுக்கு என்ன இரிக்கி? கலியாணமுமில்ல, காணியுமில்ல."

"அப்ப புள்ளைட படிப்பு?"

கிடுகு இடுக்கால் பார்த்தேன். அம்மா சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அதில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை.

எனக்குப் படிப்பு வேண்டாம். அப்பா வேண்டும்.

ஆனி 12, புதன்

ஆங்கிலச் சோதனை. ஏழு பிழை.

மாமி, அப்பாவின் அக்கா, முட்டை கொண்டுவந்தார்.

"என்னகா, பேயைக் கண்ட மூஞ்சி?"

கிணற்றடியில் அழுதுவிட்டேன். சூசையப்பு, படிவம், என் கை, எல்லாவற்றையும் சொன்னேன். மாமி சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

"சூசையப்புக்கு எண்பது வயசு புள்ள! நானும் அந்தச் சங்கத்திலதான் முட்டைக் காசு போடுறன். உனக்கு ஞானஸ்நானம் குடுத்த கிழமையே உன்ட பேரை எழுதிக் குடுத்திட்டன். பதிமூணு வருசம். செத்துப் போனனா? இந்தா, கிள்ளிப் பார்."

கிள்ளினேன். "ஐயோ மூதேவி!" என்றார்.

அம்மாவிடம் சொல்லக் கூடாதாம்.

ஆனி 13, வியாழன்

மாமி என் பெயரை எழுதிக் கொடுத்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்று மாமி சொன்னதையும் சேர்த்து.

அம்மா மீன் வெட்டுவதை நிறுத்தினார். கையைக் கழுவிவிட்டு, "அந்தக் கடதாசி எங்க?" என்றார். கொப்பியோடு கொடுத்தேன். ஏன் ஒளித்தாய் என்று கேட்கவில்லை. அப்பாவின் பக்கத்தில் என்னை இருத்தினார்.

"மச்சாள்ட பேரை எழுது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "எழுது புள்ள, விளக்குவைக்கிற நேரமாகுது," என்றார்.

எழுதினேன். 'சகோதரி' என்ற சொல் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்பா பெருவிரலை மையில் தோய்த்துப் படிவத்தில் அழுத்தினார்.

படிவத்தை ஓடிப்போய்க் காரியதரிசியிடம் கொடுத்தேன். வரும் வழியில் செபமாலை இரண்டு தரம்.

ஆனி 14, வெள்ளி

முதல் பஸ். அப்பா, அம்மா, ஒரு பை, ஒரு பாய். பெருவிரல் மை சவுக்காரம் போட்டும் போகவில்லை. பஸ் திரும்பும்வரை யன்னலில் அந்த நீல விரல் தெரிந்தது.

பள்ளிக்கூடம் போகவில்லை.

இருட்டிவிட்டது. ஒரு செய்தியும் இல்லை. மாமி என் பாயில் படுத்திருக்கிறார். அவர் பெயரை எழுதியதும் இந்தக் கைதான். குறட்டை. நடுவில் நின்றால் எழுந்து குனிந்து பார்க்கிறேன். திரும்பத் தொடங்குகிறது.