ஆறேழு நாற்பத்தொன்று

ரும்பி, மலாவி
6 மே 2014

ஆசிரியை தியோங்கே அவர்களுக்கு,

மகளே என்று எழுத மனம் வரவில்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சோளக்கொல்லைதான். ஆனால் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டதால் எழுதுகிறேன்.

நேற்று உன் வகுப்பில் அந்தச் சிறுமி தெம்வா ஏழு ஏழாக ஆறு வரிசை கல் அடுக்கினாள். எண்ணிப் பார்த்து, "நாப்பத்தொண்ணு டீச்சர்" என்றாள். பெற்றோர் சங்கத் தலைவன் நான் பக்கத்தில் நிற்கிறேன். "நாப்பத்திரண்டு" என்றேன். இது குற்றமா? "சும்மா இருங்கப்பா, அவளே கண்டுபிடிக்கட்டும்" என்றாய். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

தானாகக் கற்பது என்னவென்று எனக்கா சொல்கிறாய்? சிறு வயதில் எங்கள் வீட்டில் என் அண்ணன் மட்டும்தான் பள்ளிக்குப் போனான். அவன் புத்தகத்தை விரித்தால் நான் எதிரில் உட்கார்ந்து எழுத்துக் கற்றேன். இன்றும் தலைகீழாகப் பிடித்தால்தான் எனக்குப் படிக்க வரும். "சவுலா, பேப்பருக்கு மயக்கம் வந்திருச்சா?" என்று சந்தையில் கேலி செய்கிறார்கள். நேராகச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும் என்றுதான் உழவு மாட்டை விற்று உன்னை ஆசிரியை ஆக்கினேன். நீயோ சொல்லவே மாட்டேன் என்கிறாய்.

வாய்ப்பாடு சொல்லித்தராத உன்னை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லிப் பெற்றோர் மனு எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம். என் கையெழுத்துதான் பாக்கி.

ஜெப்ரான் சவுலா

*

7 மே

அப்பாவுக்கு மண்டியிட்டு வணக்கம்.

ஏரிக் கருவாடு அனுப்பியிருக்கிறேன். கோபத்தோடாவது சாப்பிடுங்கள். பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொன்னதற்கு மன்னியுங்கள்.

ஆறேழு நாற்பத்திரண்டு என்று தெம்வாவுக்குத் தெரியும் அப்பா. பாட்டாகவே பாடுவாள். ஏன் என்றுதான் தெரியாது. நீங்கள் போன பிறகும் அவள் விடவில்லை. "எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கணும்ல டீச்சர்? கடைசில ஒண்ணு குறையுது" என்று தரையெல்லாம் தேடினாள். நீங்கள் நின்ற இடத்தில் கல் மண்ணில் பதிந்து கிடந்தது. "தாத்தாதான் மிதிச்சிட்டு நின்னாரு!" என்று கத்தினாள்.

போகச் சொன்னால் போய்விடுவேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் ஒரு புத்தகத்தைச் சுற்றி எட்டுப் பேர். தினமும் அவர்களை இடம் மாற்றி உட்கார வைக்கிறேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தியோங்கே

*

10 மே

மகள் தியோங்கேவுக்கு,

கருவாட்டில் உப்பு அதிகம்.

கூட்டத்தில் மனுவை நீட்டினார்கள். தலைகீழாகத் திருப்பிப் படித்தேன். வழக்கம்போல் சிரித்தார்கள். "கையெழுத்துப் போடுங்க பெரியவரே, வீட்ல சோளக்களி ஆறுது" என்றான் தெம்வாவின் அப்பன்.

"உன் மக எண்ணினதுல ஒரு கல் குறைஞ்சுதே, ஏன்னு கேட்டியா?" என்றேன்.

விழித்தான். "ஏன், நீங்களே சொல்லுங்களேன்."

"நான் சொல்ல மாட்டேன். போய் அவகிட்டயே கேளு."

மனுவை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லித்தான் தர வேண்டும். திங்கட்கிழமை வகுப்புக்கு வந்து இதை உன் முகத்துக்கு நேரே சொல்வேன்.

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுகிறேன்.

அப்பா