அப்பாவுக்குப் போன கேசட்

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டில் சிங்கப்பூர் மகனுக்கு அனுப்பக் கேசட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தான் ‘டக்’கென்று விழும் சத்தம் நம் வாசல்வரை கேட்டது. புடைத்துக்கொண்டிருந்த அரிசியை அப்படியே கொட்டிவிட்டேன்.

துபாயில் ஏ.சி. மாட்டும் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு நாமும் அப்படித்தான் பேசி அனுப்புவோம். அன்று அம்மா பேசி, அழுது, எழுந்து போனாள். பொத்தானை நிறுத்த வேண்டியவள் நான். மறந்துவிட்டேன். பெங்களூர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இடம் கிடைத்ததாக வந்த கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நீ கேட்டாய்.

“இங்கயே எம்.எஸ்சி. முடிச்சுட்டு பிஎச்.டி.க்குப் போகவா, இல்ல பி.எஸ்சி.யோட நேரா அங்க சேந்துடவா? சேந்த பிறகு ஆராய்ச்சி புடிக்கலைன்னா, வெறும் பி.எஸ்சி.யோட திரும்பி வரணும்டி.”

“எம்.எஸ்சி.யே படி அக்கா. கும்பகோணம்னா தினம் வீட்டுக்கு வந்துடுவ.”

எட்டாவதோடு நின்ற எனக்குப் படிப்பைப் பற்றி என்ன தெரியும். நீ என்னை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

நீ சிரித்தாய். “இங்க இருந்தா அப்பா லீவுல வந்து, ஏ.சி. மாட்டுற வேகத்துல எவனையாவது என் கழுத்துல மாட்டிட்டுத்தான் ஃப்ளைட் ஏறுவாரு.” இருந்தும், எம்.எஸ்சி. அப்ளிகேஷன் ஃபாரமும் வாங்கி வைப்போம் என்றாய்.

நாம் பேசியதும் பதிந்துபோன அந்தக் கேசட்டைத் துபாயில் அப்பாவின் அறையில் ஊர்க்காரர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்களாம்.

அப்பா போன் செய்ததும், நம்மோடு இருக்கும் சித்தப்பா வயலிலிருந்து மண்வெட்டியோடு வந்தார். “அத்தனை பேரும் சிரிச்சானுங்களாம். எங்கடி போகப்போற, சொல்லு.” காம்பால் முதுகில் ஓர் அடி. “பெங்களூரு” என்றாய். அதுவரை நீ முடிவு செய்திருக்கவில்லை. அடுத்த அடியில் உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு அதையே சொன்னாய். காலைப் பிடித்த அம்மாவை உதைத்துத் தள்ளினார். மூன்றாவது அடி தலையில். அம்மிக்கல்லில் நீ விழுந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், “கிணத்தடியில வழுக்கிட்டா” என்றார் சித்தப்பா. டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

அதன்பிறகு ஒரு வருடம் அவருக்குச் சோறு போட்டேன். கொதிக்கும் குழம்பை அந்தத் தலையில் கவிழ்த்துவிடக் கை துடிக்கும். இலையில்தான் ஊற்றுவேன்.

இன்று பஸ் ஏறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். “என்னம்மா, சொல்லு” என்றார் ஏட்டு. குரல் எழும்பவில்லை. “எழுதத் தெரியுமா?” என்று தாளைத் தள்ளினார். எல்லாவற்றையும் எழுதினேன். நான் நிறுத்தாத பொத்தானையும், நான் ஆட்டிய தலையையும்கூட.

படித்துவிட்டு நிமிர்ந்தார். “சித்தப்பான்னு எழுதினா ஆச்சா? பேரு வேணும்.”

பெரியவர்கள் பெயரை நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, இன்ஷியலோடு எழுதினேன், அக்கா.