கம்முனா கூட, ஃபோர்ட்டுனா பலம்

மச்சான்,

போன வாரம் ஈப்போவில் ஒரு மெத்தைக் கடை வாசலில் நின்று அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைப் பெண் ஓடி வந்து தண்ணீர் கொடுத்து, "அங்கிள், தவணையில கூட எடுக்கலாம் லா" என்றாள். பலகையில் 'கம்ஃபர்ட்' என்று எழுதியிருந்ததுதான் காரணம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இங்கிலீஷில் நான் எழுத்துக் கூட்டாமல் படிக்கும் சொற்கள் சொற்பம். அதில் இதுவும் ஒன்று, உன் புண்ணியத்தில்.

தாப்பா டவுனில் நாம் சாமான் இறக்கக் காத்திருக்கும்போதெல்லாம், நம் லாரி சீட்டுக்கு அடியிலிருந்து அட்டை போன அந்த அகராதியை எடுப்பாய்.

"கம்ஃபர்ட்டுன்னா மெத்தையில படுக்கிறது இல்லடா. லத்தீன்ல இருந்து வந்தது. கம்முனா கூட, ஃபோர்ட்டுனா பலம். ஒருத்தனுக்குப் பலம் கொடுக்கிறது."

"கம்முனு இருந்தா பலம் வருமா மச்சான்? அப்ப என் பொண்டாட்டி என்னைத் தினமும் பயில்வான் ஆக்கப் பாக்குறா லா."

நீ சிரித்த சிரிப்பில் கோப்பி மடியில் கொட்டியது.

டிரபிளுக்கு வேர், கலங்கின தண்ணி என்றாய். மழைக்குப் பிறகு நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் என் கண்ணுக்குள் வந்தது. "அட, நம்ம கலக்கமும் அதானே! வெள்ளைக்காரன் நம்மகிட்ட சுட்டிருப்பான்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டாய். "ஆறுதல்தான் வேற மாதிரி. நாம சூட்டை ஆத்துறோம், அவன் பலத்தை ஏத்துறான்."

நீ கண்ணை மூடிய பிறகு உன் மனைவி, தேங்காய்ப்பால் சோறு விற்கும் அந்த நாசி லெமாக் கடையைத் திறக்கவே இல்லை. இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போவதாகப் பேச்சு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் "ஆறுதலா இரும்மா" என்றார்கள். நானும் சொன்னேன்.

"எல்லாரும் ஆறு, ஆறுங்கிறீங்க. நான் என்ன கோப்பியா, அண்ணே?" என்றாள்.

உனக்கேற்ற ஜோடிதான்.

அவளுக்கான பதில் எனக்கு அந்த மெத்தைக் கடை வாசலில்தான் கிடைத்தது. மறுநாள் விடியலில் அவள் வீட்டுக்குப் போய், பேசாமல் தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, வாயே திறக்கல? உடம்புக்கு முடியலையா?"

நான் கம்முனு துருவினேன். அவள் அரிசியை எடுத்துக் களைந்தாள். முதல் தண்ணீர் கலங்கலாக ஓடியது. அடுத்தது கொஞ்சம் தெளிவு.

அன்றைக்கே கடை திறந்துவிட்டது. இப்போது நான்தான் தினமும் தேங்காய்க்கு ஆள்.

உன் அகராதி பொய் சொல்லவில்லை, மச்சான். இனி யார் வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும் எனக்கு அந்த ஒரு 'கம்' போதும். வாயைத் திறக்க வேண்டிய வேலையும் இல்லை.

கடைக்குப் புதுப் பலகையை நானே எழுதினேன். உன் அகராதியைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து, இங்கிலீஷில்: கம்ஃபர்ட். இன்று காலை மாட்டினோம். முதல் ஆளாக ஒரு சீனப் பெரியவர் வந்து, இரண்டு பேர் படுக்கிற மெத்தை என்ன விலை என்று கேட்டார். இருப்பில் இல்லை என்றேன். நாசி லெமாக் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.