புகைபோக்கிக்குக் கிடைத்த பத்து வருடம்

அன்புள்ள பெரியவனுக்கும் சின்னவனுக்கும்,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள் இருவரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதே கடிதத்தை இரண்டு நகல் எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்புகிறேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். அவனுக்கு என்ன எழுதினாய் என்று போன் போட்டு என்னைக் குடைய வேண்டாம்.

அனல் மின் நிலையத்தைப் பற்றிய உத்தரவு வந்துவிட்டது. வருகிற வருடம் மூடுவதாக இருந்ததை இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று விசாரணைக் குழு எழுதிக் கொடுத்துவிட்டது. காரணமும் எழுதியிருக்கிறார்கள். அணு உலையை நம்ப முடியாது என்று ஒரு நிபுணர் சொன்னாராம். காற்றாலையையும் சோலாரையும் நம்ப முடியாது என்று இன்னொரு நிபுணர் சொன்னாராம். இரண்டு நிபுணரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை.

படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

அந்த விசாரணைக்கு நீங்கள் போட்டுக்கொண்டு போன சட்டைகளை என் சலவைக் கடையில் நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். காலர் நிற்க வேண்டும் என்று பெரியவன் சொன்னான், கைமடிப்பு நேராக வேண்டும் என்று சின்னவன் சொன்னான். அந்த மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டு என்ன பேச்சு பேசினீர்கள்! பெரியவனே, அணு உலைக்குப் பரிந்து பேச வந்த நீ காற்றாலைக்குக் கீழே செத்துக் கிடந்த பறவையின் படத்தைத் திரையில் போட்டாய். அந்தப் பறவைக்காக நீ ஒரு வேளை சோறு இறங்காமல் இருந்திருப்பாயா? சின்னவனே, காற்றாலைக்கும் சோலாருக்கும் பேச வந்த நீ, அணு உலையால் ஊனமாகப் பிறந்தது என்று ஒரு கன்றுக்குட்டியைக் காட்டினாய். அது எந்த ஊர்க் கன்று என்று குழுத் தலைவர் கேட்டதும் தண்ணீர் குடித்தாய். கழிவை எங்கே புதைப்பது, கட்டி முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று நீ கேட்டதெல்லாம் நியாயமான கேள்வி. காற்று நின்றால் என்ன செய்வது, மேகம் மூடினால் என்ன செய்வது என்று அவன் கேட்டதும் நியாயம்தான். பொய் பேசியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். உண்மையை எடுத்து ஒருவன் தலையில் ஒருவன் அடித்துக்கொண்டீர்கள்.

கடைசியில் தலைவர் இரண்டு பேரையும் ஒரே கேள்வி கேட்டார். இன்னொருவர் திட்டம் வந்தால் நிலக்கரியை நிறுத்திவிடலாமா என்று. முடியவே முடியாது என்று பெரியவன் சொன்னான். முடியவே முடியாது என்று சின்னவனும் சொன்னான். அவரவர் ஆட்கள் கை தட்டினார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் நிறுத்தலாம் என்று சொல்ல ஒருவனுக்கும் நா எழவில்லை.

தெரியாமல் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. போன வருடம் என் சமையலறையில் உட்கார்ந்து நீங்களே பேசினீர்கள். வெயிலும் காற்றும் இருக்கிறபோது அதை எடுத்துக்கொள்ளலாம், உலை ஒரே சீராக ஓடட்டும், மிச்சத்துக்குப் பேட்டரி வைக்கலாம், அப்போது அந்தப் புகைபோக்கிக்கு வேலையே இல்லை என்று சின்னவன் சொன்னான். பெரியவன் தலையாட்டிக்கொண்டே என் தட்டிலிருந்த அப்பளத்தையும் எடுத்துத் தின்றான். வீட்டில் ஒத்துக்கொண்டதை மேடையில் ஒத்துக்கொள்ள முடியாமல் போய்விட்டது. தன் மூக்கு அறுந்தாலும் பரவாயில்லை, எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்கிற கதைதான். அறுந்தது உங்கள் மூக்காக இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அனல் நிலையத்து மேலாளர் அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாரே, கவனித்தீர்களா? முடிந்ததும் வந்து இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். நீங்களும் பல்லைக் காட்டினீர்கள். உத்தரவு வந்த மறுநாள் அவர் வெள்ளைச் சட்டைகளோடு என் கடைக்கு வந்தார். நல்ல மனிதர்போலச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "உங்க தம்பிங்க ரெண்டு பேரும் அருமையாப் பேசினாங்கம்மா. எங்க தரப்புல ஒரு வார்த்தை பேச வேண்டியதே இல்லாமப் போச்சு." ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது சரி. ஆனால் என் வீடு இரண்டு பட்டு இந்த ஆள் கொண்டாடுகிறாரே.

அந்தச் சட்டைகளை அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. துவைத்து, நீலம் போட்டு, சாம்பல் விழாமல் உள் அறையில் காயவைத்துக் கொடுத்தேன். இந்தத் தெருவில் பாதி வாடிக்கை அந்த நிலையத்து ஆட்கள்தான். உங்கள் மேல் உள்ள அருவருப்பில் கொஞ்சம் என் மேலும் உண்டு.

இனிப் பாப்பாவைப் பற்றி. மாமாக்களுக்குச் சொல்லாதே என்று அவள் அப்பா சொன்னார், நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவீர்களாம். அவருக்கு உங்களைப் பற்றி இன்னும் நல்ல எண்ணம். இழுப்பு அதிகமாகிவிட்டது. முன்பு பனிக்காலத்தில் மட்டும் வரும். இப்போது புகை எங்கள் பக்கம் திரும்புகிற நாளெல்லாம் வருகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் தலையணை சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை இதையெல்லாம் பழகலாமா? நிலையத்தைத்தான் மூடப்போகிறார்களே, ஒரு வருடம் தாங்கினால் நுரையீரல் தேறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உத்தரவைப் பார்த்த பிறகு, வேறு ஊர் பாருங்கள் என்கிறார். கடையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? பத்து வருடம் என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். இவள் மார்பு ஏறி இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பத்து நிமிடமே பெரிதாக இருக்கிறது.

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிவரை மறுவிசாரணை கேட்கலாம் என்று வக்கீல் சொல்கிறார். புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம். என் சமையலறையில் சொன்னதையே இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சொன்னால் அது அவர்களுக்குப் புதிதுதான். உங்கள் ஆட்கள் கை தட்ட மாட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. தனித்தனியாக வருவதானால் வர வேண்டாம்.

நேற்றுக் காலை மூச்சுக்கு மருந்து விடுகிற நெபுலைசர் முகமூடியை வைத்தபோது அதை விலக்கிவிட்டு, மூச்சு வாங்கி வாங்கி ஒன்று கேட்டாள். "அம்மா, கடைசியில எந்த மாமா ஜெயிச்சாரு?" நான் முகமூடியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் நல்ல காற்றைச் சுவாசித்து நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். வந்து நீங்களே அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் ஒரே அக்கா